பஞ்சாரமும் கேமராவும்

பஞ்சாரத்தை இப்போது அதிகம் பார்க்கக் கிடைப்பது தங்கும் விடுதிகளில்தான். செட்டிநாட்டுப் பக்கம் சில விடுதிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, உள்ளே மஞ்சள் விளக்கு எரியவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்து நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிடுகிற பலருக்கு அது எதற்காக முடையப்பட்ட பொருள் என்று தெரியாது. தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டில் நாலு கோழி வளர்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மறுபடியும் பெருகி வருகிறார்கள். வளர்க்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே குஞ்சுகளைப் பறிகொடுத்துவிட்டு, நமக்கு ராசியில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பஞ்சாரம் என்பது மூங்கில் சிம்பாலோ புளியம் விளாராலோ முடைந்த பெரிய கூடை. அடி அகன்று, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் கோழியைக் கையால் எடுக்கும் அளவுக்கு ஒரு வாய் இருக்கும். கவிழ்த்து வைத்தால் தாய்க்கோழியும் அதன் குஞ்சுகளும் உள்ளே தாராளமாக இருக்கலாம். பின்னலின் இடைவெளியில் காற்று வரும், வெளிச்சம் வரும். பருந்தின் கால் நுழையாது. வாயை ஒரு பலகையால் மூடிக் குழவிக்கல்லை ஏற்றி வைத்துவிட்டால் பூனையால் தள்ள முடியாது. கையோடு தூக்கி நிழல் இருக்கும் இடத்துக்கு மாற்றலாம். இதைவிடச் சுலபமான, மலிவான குஞ்சுக் கூண்டை நான் இன்றுவரை பார்க்கவில்லை. சந்தையில் கூடை முடைகிறவர்களிடம் அளவு சொன்னால் அடுத்த வாரம் கொண்டுவந்து தருவார்கள். இப்போது எங்கள் சந்தையில் அவர்கள் உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் வாளி விற்கிறது.

நான் சொல்லும் முற்றம் 1970-களில் சிவகங்கைச் சீமையில், காளையார்கோவிலுக்குக் கிழக்கே இருந்த எங்கள் அப்பத்தா வீட்டு முற்றம். மூன்று பக்கமும் கிளுவை வேலி. வேலியின் அடியில் பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்து கிடக்கும். ஒரு முருங்கை, ஒரு கொடுக்காப்புளி, வைக்கோற்படப்பு, எருக்குழி, மழைக்கு நனையாமல் அடுக்கிய விறகு, சாய்த்து வைத்த கட்டை வண்டி. இவை எல்லாம் வீட்டுக்கு வேண்டியவை என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தேன். கோழிக்குஞ்சுக்கு இவை எத்தனை பெரிய பாதுகாப்பு என்பது பிறகுதான் புரிந்தது. அந்த முற்றத்தில் ஒரு குஞ்சு எங்கே மேய்ந்தாலும் நாலு எட்டில் ஓர் ஒதுக்கிடம் இருந்தது. பருந்து இறங்கும்போது குஞ்சுக்குக் கிடைக்கும் நேரம் இரண்டு மூன்று விநாடிதான். அந்த நேரத்துக்குள் ஓடிச் சேரும் தூரத்தில் புதரோ விறகோ வண்டிச் சக்கரமோ இருந்தால் குஞ்சு பிழைத்தது.

வானத்தில் வருபவை இரண்டு. கரும்பருந்து உயரத்தில் வட்டமிட்டுப் பார்த்து, வெட்டவெளியில் நிற்கிற குஞ்சைக் குறிவைத்து இறங்கும். அதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். வல்லூறு அப்படி இல்லை. மரத்துக்கு மரம் தாழப் பறந்து, இலைக்குள் உட்கார்ந்திருந்து, அசந்த நேரத்தில் குறுக்கே பாயும். அது வந்ததே போன பிறகுதான் தெரியும். காக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொரித்து நாலைந்து நாள் ஆன குஞ்சை அதுவும் தூக்கும். செம்போத்தும் விடாது.

அப்பத்தா திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருப்பாள். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவளுக்குக் காது போதும். தாய்க்கோழி ‘க்ர்ர்ர்’ என்று ஒரே இழுப்பாக அடித்தொண்டையில் குரல் கொடுத்தால் அது மேலே இருப்பதைப் பற்றியது. ‘கொக் கொக் கொக்’ என்று வெட்டி வெட்டிக் கத்தினால் அது தரையில் இருப்பதைப் பற்றியது.

“ஏத்தா, பிராந்து சுத்துது பாரு. எந்திரிச்சு முத்தத்துக்குப் போ” என்பாள். வேறொரு நேரம், கையில் இருக்கும் அரிசியில் கல்லைப் பொறுக்கிக்கொண்டே, “எருக்குழிப் பக்கம் என்னமோ கெடக்கு. சாரையா இருக்கும். கம்ப எடுத்துக்கிட்டுப் போ, கிட்டப் போகாத” என்பாள். போய்ப் பார்த்தால் சாரை இருக்கும். எப்படித் தெரியும் அப்பத்தா என்று கேட்டால், “அதுதான் சொல்லுதே” என்று கோழியைக் காட்டுவாள்.

அவள் சொன்னதை வெகுகாலம் கழித்து ஓர் ஆய்வுச் செய்தியில் படித்தேன். கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அது. சேவல்களுக்கு வானத்து எதிரியின் உருவத்தையும் தரையில் வரும் எதிரியின் உருவத்தையும் திரையில் காட்டினார்கள். இரண்டுக்கும் இரண்டு விதமான எச்சரிக்கைக் குரல் வந்தது. அந்தக் குரல்களைப் பதிவு செய்து, எதையும் காட்டாமல் பெட்டைக் கோழிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். வானத்துக் குரலைக் கேட்ட பெட்டைகள் ஒளிவிடம் தேடி ஓடின. தரைக் குரலைக் கேட்டவை கழுத்தை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்த்தன. கோழியின் குரல் வெறும் பயக் கூச்சல் இல்லை, என்ன வருகிறது என்ற சேதியும் அதில் இருக்கிறது என்று காட்டிய ஆய்வு. பெட்டை அருகில் இருக்கும்போதுதான் சேவல் பருந்தைப் பார்த்து அதிகம் குரல் கொடுக்கிறது என்பதையும் மார்லரின் குழு அதற்குமுன் காட்டியிருந்தது. எழுத்துப் படிக்காத எங்கள் அப்பத்தா அந்தச் சேதியைப் பிரித்து வாசித்துக்கொண்டு முறத்தில் கல் பொறுக்கினாள். ஊரில் அன்று கோழி வளர்த்த எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும்.

அடை வைப்பதும் அவளுக்கு ஒரு தனிக் காரியம். கோழி கேறத் தொடங்கியதும் ஒரு பழைய ஓலைப்பெட்டியில் மணலும் சாம்பலும் பரப்பி, மேலே கொஞ்சம் வைக்கோல் போட்டு, முட்டைகளை ஒற்றைப்படையில் வைப்பாள். கூடவே ஒரு கரித்துண்டு, ஓர் இரும்பு ஆணி, இரண்டு வரமிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாமல் இருக்க என்று சொல்வாள். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அடைக்கோழி இருக்கும் இடம் உள்வீட்டின் மூலை, வெளியே இல்லை. முட்டையைத் தேடி வரும் பாம்பும், அப்போதுதான் பொரித்த குஞ்சை வளைக்குள் இழுத்துப்போகும் பெருச்சாளியும் அங்கே வருவது கடினம்.

வெளியே விடும் நாளில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து, அந்தச் சிவப்பைக் குஞ்சுகளின் முதுகில் விரலால் தடவுவாள். பருந்து அதைப் பார்த்துக் குஞ்சில்லை என்று நினைத்துக்கொள்ளுமாம். பருந்து ஏமாந்ததற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் வேறொன்றைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு அழியும் போதெல்லாம் மறுபடி பூசுவதற்காக ஒவ்வொரு குஞ்சையும் உள்ளங்கையில் எடுப்பாள். எடுக்கும்போதே தீனிப்பையை அமுக்கிப் பார்ப்பாள், இறக்கைக்கு அடியில் பேன் இருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பாள், வால்பக்கம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெந்நீரில் துணியை நனைத்துத் துடைப்பாள். சோர்ந்த குஞ்சுதான் தாயின் குரலுக்குக் கடைசியாக ஓடும், அதுதான் முதலில் போகும். அந்தக் குஞ்சை அன்று வெளியே விடமாட்டாள். பஞ்சாரத்துக்குள் போட்டு நொய்யும் தண்ணீரும் வைப்பாள்.

பொழுது சாயும் நேரம்தான் முக்கியம். இருட்டிவிட்டால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். மரநாயும் காட்டுப்பூனையும் கிளம்புவது அந்த நேரத்தில். குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டுவது இதே வேளையைத்தான்: மாலையில் வேலியோரம் வெருகுகள் வந்துவிட, ஒதுங்க இடம் தெரியாத வீட்டுப் பெட்டைக்கோழி பதறிப்போய்க் குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கத்துகிறது. ஊரார் அம்பல் பேசுவதற்கு உவமையாக அதை வைத்திருக்கிறார். அந்தப் பதற்றத்தைக் கிட்ட நின்று பார்த்தவர் எழுதிய பாட்டு என்பது என் எண்ணம். கோழியின் குட்டைக் காலைக்கூட அவர் விடவில்லை.

எங்கள் ஊரில் விளக்கு வைப்பதற்கு முன்பே பெண்கள் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொள்வார்கள்: “கோழி எல்லாம் அடைஞ்சிருச்சா?” ஒன்று குறைந்தால் அரிக்கேன் விளக்கோடு தேடப் போவார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாரத்தில் அது அடைந்திருக்கும். அவர்களே கொண்டுவந்து தருவார்கள். தெருவில் வளர்ந்த நாய்களும் யாரோ ஒருவர் வீட்டுக் கஞ்சி குடித்த நாய்கள். குட்டியாக இருக்கும்போதே கோழியைத் துரத்தினால் அடி வாங்கிப் பழகியவை. இரவில் மரநாய் வந்தால் முதலில் குரைத்தவையும் அவைதான்.

அந்தக் காலத்தில் குஞ்சு சாகவில்லை என்று சொல்ல வரவில்லை. நிறையச் செத்தது. ஓர் ஈட்டில் பொரித்ததில் பாதி தேறினால் அப்பத்தா நல்ல ஈடு என்பாள். கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் தெருவையே துடைத்துவிட்டுப் போகும். பருந்து ஒரு குஞ்சைத் தூக்கிவிட்டால் அன்று முழுவதும் அதைத் திட்டித் தீர்ப்பாள். ஆனாலும் பருந்துக்கோ கீரிக்கோ விஷம் வைக்க வேண்டும் என்ற பேச்சு அந்த வீட்டில் எழுந்ததில்லை. “அதுக்கும் குஞ்சு இருக்குல்ல” என்று ஒரு தரம் சொன்னாள். கீரி திரிகிற கொல்லையில் நல்லபாம்பு தங்காது என்பதும் அவள் கணக்கு.

இனி இப்போதைய கதை. வேலை ஓய்வுக்குப் பிறகு அதே வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். கிளுவை வேலி போய் ஆளுயர காம்பவுண்டுச் சுவர் வந்திருக்கிறது. முற்றத்துக்குச் சிமெண்டுக் கல் பதித்திருக்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது, பாம்பு வந்தால் தெரிகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. அந்தச் சுத்தத்தில் ஒரு குஞ்சை விட்டுப் பார்த்தால்தான் இழப்பு தெரியும். ஒதுங்க ஒரு செடி கிடையாது. மேலிருந்து பார்க்கிற பருந்துக்கு வெளுத்த தரையில் அந்தக் குஞ்சு மட்டும் தெரியும். நாயும் திருடனும் வராமல் இருக்கக் கட்டிய சுவர், உள்ளே மாட்டிக்கொண்ட கோழி பறந்து தப்பவும் விடுவதில்லை.

ஆளும் இல்லை. தெருவில் காலை பத்து மணிக்குமேல் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் வேன் ஏறிப் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். பெரியவர்கள் நூறு நாள் வேலைக்கோ டவுனுக்கோ போகிறார்கள். திண்ணைகளை இடித்து கார் நிறுத்தும் இடமாக்கியாகிவிட்டது. கோழியின் குரலைக் கேட்க அங்கே யாருடைய காதும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க என் தம்பி மகன் கொல்லையில் சிசிடிவி கேமரா மாட்டினான். அவன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஒருநாள் மதியம் போன் அடித்தது. “அத்தை, எங்க இருக்கீங்க? கொல்லையில கீரி வந்திருக்கு, சீக்கிரம் போங்க!” நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவனுக்குத் தெரிந்தது, நாலு தெரு தள்ளி இருந்த எனக்குத் தெரியவில்லை. ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது மூன்று குஞ்சு போயிருந்தது. சாயங்காலம் அவன் அந்தப் பதிவை எனக்கு அனுப்பினான். கதவின் அடியில் நாலு விரற்கடை இடைவெளி. கீரி தலையை நீட்டி, உடம்பைத் தட்டையாக்கி, அதன் வழியே நுழைவது தெளிவாகப் பதிவாகியிருந்தது. அதற்கு முன்னால் தாய்க்கோழி கழுத்தை நிமிர்த்திக் கத்துவதும் தெரிந்தது. அந்தக் கேமராவில் குரல் பதிவாகாது.

கேமராவால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். எது வருகிறது, எந்த வழியாக வருகிறது என்று காட்டிக்கொடுத்தது அதுதான். மறுநாள் கதவின் அடியில் தகடு அடித்தோம். கீரி பகலில் திரிகிற பிராணி என்பதையும் பலர் யோசிப்பதில்லை. இரவில் மட்டும் கூண்டைப் பூட்டிவிட்டுப் பகலில் கவலையில்லாமல் இருக்கிறார்கள்.

குஞ்சும் மாறிவிட்டது. முன்பு சைக்கிளில் கூடை வைத்து ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றிய குஞ்சுகளை விற்றுக்கொண்டு வருவார்கள். முட்டைப் பண்ணைகளுக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள் அவை. பிள்ளைகள் அழுது வாங்குவார்கள். பூனையோ காக்கையோ இரண்டொரு நாளில் முடித்துவிடும். இப்போது நாட்டுக்கோழிக் குஞ்சே இன்குபேட்டரில் பொரித்து அட்டைப் பெட்டியில் வருகிறது. பல்பு வெளிச்சம் சூட்டைக் கொடுத்துவிடும், தீவனம் வயிற்றை நிரப்பிவிடும். வெளியே விடும்போதுதான் தாய் இல்லாத குறை தெரியும். என் கண்ணெதிரே வல்லூறு ஒன்று முருங்கையில் வந்து உட்கார்ந்தபோது, தாயோடு திரிந்த குஞ்சுகள் ஒரே நொடியில் காணாமல் போயின. பெட்டியில் வாங்கிய குஞ்சுகள் அதே இடத்தில் நின்று கொத்திக்கொண்டிருந்தன. ஓடு என்று சொல்ல அவற்றுக்கு ஆளில்லை. இதற்கு ஊரில் ஒரு பழைய வழி உண்டு. அடையில் இருக்கிற கோழியின் வயிற்றுக்கடியில், இருட்டிய பிறகு, பொரித்து ஒன்றிரண்டு நாளே ஆன குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் செருகிவிட்டால் விடிந்ததும் தன்னுடையவை என்றே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் பலிக்கும். பகலில் செய்தால் கொத்திவிடும்.

சேவல் இல்லாமல் கோழி வளர்ப்பவர்களும் அதிகமாகிவிட்டார்கள். நகரத்தை ஒட்டிய மனைப்பிரிவுகளில் விடியற்காலையில் கூவுகிறது என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவதால் சேவலை முதலில் குழம்பு வைத்துவிடுகிறார்கள். பெட்டைகள் தலை குனிந்து மேயும்போது தலை நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பது சேவலின் வேலை. முடிந்தவர்கள் ஒன்றாவது வைத்துக்கொள்ளுங்கள். சேவல் முடியாத இடத்தில் ஒரு ஜோடி கின்னிக்கோழி நல்லது. புதிதாக எது வந்தாலும் தெருவுக்கே கேட்கும்படி கத்தும், ஆகவே அதற்கும் அண்டை வீட்டாரின் சம்மதம் வேண்டும்.

ஆனால் இன்று எங்கள் பக்கம் பெரிய எதிரி பருந்தும் இல்லை, கீரியும் இல்லை. நாய். கீரியும் காட்டுப்பூனையும் பெரும்பாலும் பசிக்குக் கொல்லும். கூட்டமாக வருகிற நாய்கள் கூண்டை உடைத்து இருக்கிற எல்லாவற்றையும் கடித்துக் குதறிப் போட்டுவிட்டு, ஒன்றைக்கூடத் தின்னாமல் போகும். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் பட்டியில் அடைத்த ஆடுகளையே இப்படிக் கொன்று, விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராட வேண்டிவந்தது. கோழி இழந்தவர் போராட்டத்துக்குப் போவதில்லை. காலையில் எழுந்து, கிடப்பவற்றை அள்ளிக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கூண்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். கிலோ 500 ரூபாய் அளவுக்கு நாட்டுக்கோழி விற்கிற காலத்தில், கணவர் இல்லாத ஒரு பெண்ணுக்கு அந்தப் பத்துக் கோழி ஒரு வருடத்துப் பள்ளிக்கூடச் செலவு.

இந்த நாய்கள் எதைத் தின்று பெருகுகின்றன என்று பார்க்க வேண்டுமானால் இரவு ஒன்பது மணிக்குமேல் ஊர் எல்லைக்குப் போனால் போதும். கோழிக்கடைகளிலிருந்து மூட்டை கட்டிய கழிவு கண்மாய்க்கரையிலும் ரோட்டோரத்திலும் வந்து விழுகிறது. குடல், தலை, இறகு. நாய்கள் அதற்காகக் காத்திருக்கின்றன. கறிக்கோழியின் குடலைத் தின்று ருசி பழகிய நாய், மூட்டை வராத நாளில் ஊருக்குள் வந்து உயிருள்ள கோழியைத் தேடுகிறது. அப்பத்தா காலத்தில் காட்டிலிருந்து வந்த எதிரியை நாம்தான் நம் கையால் ஊர் எல்லையில் வளர்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு நாய்மேல் கோபம் இல்லை. அதற்குச் சோறு போட்டு வளர்க்க ஆளில்லாமல் செய்ததும் நாம்தான்.

காலையில் கூண்டைத் திறக்கும்போது கிடப்பதைப் பார்த்தே வந்தது எது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பல கோழிகள் உடம்பெல்லாம் குதறிக் கிடந்தால் நாய். கழுத்திலும் தலையிலும் மட்டும் கடி இருந்தால் பெரும்பாலும் கீரி அல்லது மரநாய். ஒன்று மட்டும் காணாமல் போய், வேலி வரை இறகு சிந்தியிருந்தால் காட்டுப்பூனை. இறகுகூடச் சிந்தாமல் குஞ்சோ முட்டையோ மட்டும் குறைந்தால் பாம்பு. தரையில் புது வளை இருந்தால் பெருச்சாளி. கண்டுபிடித்த பிறகுதான் எதை அடைப்பது என்று தெரியும்.

கடையில் கோழிவலை என்று கேட்டால் மெல்லிய அறுகோணக் கண் வலையைத் தருவார்கள். அது கோழியை உள்ளே வைக்கும். நாயை வெளியே வைக்காது. பல்லால் பற்றி இழுத்தால் கிழிந்துவிடும். கூண்டுக்குப் பற்றவைத்த கம்பி வலைதான் வேண்டும். குஞ்சு இருக்கும் கூண்டுக்கு அடியிலிருந்து முழங்கால் உயரம்வரை அரை இஞ்ச் கண்ணுள்ளதாக இருக்கட்டும். ஒரு இஞ்ச் கண்ணில் பாம்பு நுழையும். தோண்டி வருகிறவற்றைத் தடுக்க வலையை ஓரடி ஆழம் புதைக்கலாம். அல்லது கூண்டைச் சுற்றி வெளிப்பக்கமாகத் தரையில் ஓரடி அகலத்துக்கு விரித்து மேலே கல்லும் மண்ணும் போடலாம்; சுவரோரமாகவே தோண்டிப் பார்க்கிற பிராணி அந்த வலையில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும். கோழிகள் உட்காரத் தரைக்கு இரண்டு மூன்றடி உயரத்தில் குறுக்குக் கம்பு. கதவுக்கு வெறும் கயிறு போதாது, கொண்டி போட்டுப் பூட்டுங்கள். தீனியை இரவில் கூண்டுக்குள் விட்டுவைக்காதீர்கள். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். சிமெண்டு முற்றம்தான் இருக்கிறது என்றால் ஒரு பழைய மீன்வலையை மேலே கட்டுங்கள், அங்கங்கே ஓலைத்தட்டியைச் சாய்த்து வையுங்கள், தொட்டியில் இரண்டு செடி வையுங்கள். நான் ஓரத்துச் சிமெண்டுக் கல் ஒரு வரிசையைப் பெயர்த்துவிட்டுக் கிளுவைப் போத்து நட்டிருக்கிறேன். தளிர்த்து அடர்ந்துவிட்டது. மதிய வெயிலில் குஞ்சுகள் இப்போது அதன் அடியில்தான் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. செத்த கோழியில் குருணைப் பூச்சிமருந்து வைத்து வேலியோரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தின்று சாவது கோழியைக் கொன்ற பிராணி மட்டும் இல்லை. காக்கை, மயில், பக்கத்து வீட்டு நாய், அதைத் தொட்டு விளையாடுகிற பிள்ளை வரைக்கும் ஆபத்து. கீரி, மரநாய், காட்டுப்பூனை, சாரை, பருந்து எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, கொல்வது குற்றம். ஓவியத் தூரிகைக்காகக் கீரி மயிர் வேண்டுமென்று வேட்டையாடியே அந்த இனத்தைப் பல இடங்களில் குறைத்துவிட்டார்கள். கீரியும் சாரையும் இல்லாத ஊரில் நெல் மூட்டையை எலி தின்னும்.

நோயைப் பற்றி இங்கே விரிக்க இடமில்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலும் மூக்கிலும் விடுங்கள். எட்டாவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் ஊசி போடுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவசமாகவே முகாம் நடத்துகிறது. அப்பத்தாவுக்கு இல்லாத வசதி இது ஒன்றுதான் நமக்கு முழுசாகக் கிடைத்திருக்கிறது. வருடா வருடம் தெருக் கோழிகளை அள்ளிக்கொண்டு போன நோயை இரண்டு சொட்டில் நிறுத்துகிறோம். அப்படிக் காப்பாற்றிய கோழிகளை நாய்க்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கூண்டு, வலை, கேமரா எல்லாவற்றுக்கும் காசு போட்டு ஆளுக்கு ஆள் வீட்டைக் காத்துக்கொள்ளலாம். ஊர் எல்லையில் விழுகிற மூட்டையை ஒரு வீடு தடுக்க முடியாது. கோழிக்கடை வைத்திருப்பவர்களே, கழிவைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள், அல்லது உள்ளாட்சி எடுத்துப்போகும் வண்டியில் மட்டும் கொடுங்கள். கறி வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் கழிவு எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராமசபை கூடுகிறது. கண்மாய்க்கரையில் கழிவு கொட்டுவதை நிறுத்த வேண்டும், தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகளை எழுதிக் கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நீங்களும் கொடுங்கள்.